கேன்சஸில் கடல் இருந்ததை நம்பாதவர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இது தன்னைப் பற்றியதே இல்லை என்பார். இந்தப் பெயரில் ஆரணியில் தடுக்கி விழுந்தால் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று வாதாடுவார். நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்தவரான எங்கள் முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். சில பேர் பிறக்கும்போதே ஊருக்கெல்லாம் அக்காவாகப் பிறந்துவிடுகிறார்கள்.

அக்காவிடம் ஒரு குணம் இருந்தது. யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார். பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் சொல்வதை நம்பாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அக்காவின் தொல்லை தாங்காமல் ஒருநாள் பால்காரர், ஆமாம் தாயே, தண்ணீர் கலந்தேன் என்று ஒப்புக்கொண்டார். அக்கா அதையும் நம்பவில்லை. கலந்தது தண்ணீர்தான் என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்டார். பால்காரர் அடுத்த வாரமே அந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

சாமி விஷயத்திலும் அப்படித்தான். சாமி இருக்கிறார் என்பவர்களிடமும் இல்லை என்பவர்களிடமும் அக்கா ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "நீ பார்த்தியா?" ஆனால் ஆடிக் கிருத்திகைக்குத் தவறாமல் விரதம் இருப்பார். கேட்டால், அது வேறு, இது வேறு என்பார்.

அவர் கைப்பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, அக்கா ரகசியமாகப் பீடி பிடிக்கிறாரோ என்று நான் சந்தேகப்பட்டேன். விஷயம் அதுவல்ல. ஆரணியில் எங்கே பட்டுச் சேலை எடுத்தாலும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பதற்காக அந்தத் தீப்பெட்டி. பட்டு எரிந்தால் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும், பாலியஸ்டர் எரிந்தால் பிளாஸ்டிக் நாற்றம் வரும். இது ஊருக்கே தெரிந்த சோதனைதான். ஆனால் அதை என் தங்கையின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொண்டுவந்த நிச்சயப் புடவையில் செய்து பார்த்தது அக்கா ஒருவர்தான். கண்ணமங்கலத்திலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி, குச்சியைக் கிழித்தார். மண்டபம் முழுக்க முடி பொசுங்கும் நாற்றம். என் அப்பாவின் முகம் செத்துவிட்டது. அக்கா சாம்பலை விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்துவிட்டு, "பட்டுதான். கல்யாணம் பண்ணலாம்" என்றார். அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் போன் செய்தால், நெருப்புக்குச்சி அக்கா எப்படி இருக்கிறார் என்று விசாரிக்காமல் வைப்பதில்லை.

இப்படிப்பட்டவர் அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறவர்களோடு பேசும் வேலைக்கு வந்தது எப்படி என்று சொல்ல வேண்டும்.

ஆரணிக் கடைத்தெருவில் ஒரு மொத்தப் பட்டுக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். கீழே கல்யாணக் கூட்டம் புடவைகளை உதறிப் போட்டுக்கொண்டிருக்கும். மேலே நாங்கள் ஐந்து பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்க லாரிகளுக்கு லோடு பிடித்துக்கொண்டிருப்போம். அங்கே இரண்டு மூன்று லாரி வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுக்கு, எங்கே சரக்கு இருக்கிறது என்று தேடவும் ஏஜென்டிடம் வாடகை பேசவும் டிரைவரை விரட்டவும் ஆள் வேண்டும். அங்கே ஆள் வைத்தால் கட்டாது. அதனால் நாங்கள். அவர்களுக்கு விடிகிற நேரம் எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம். எங்கள் லாரிகள் ஓடியது பெரும்பாலும் சவுத் டகோட்டா, நெப்ராஸ்கா, கேன்சஸ் ஆகிய மூன்று மாநிலங்களில். வரைபடத்தில் இட்லித் தட்டு அடுக்கின மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மலை கிடையாது, கடல் கிடையாது, புல்லும் சோளமும் மாடும்தான். எந்த டிரைவரிடமும் என்ன தெரிகிறது என்று கேட்டால், ஒன்றும் தெரியவில்லை என்பதே பதில்.

அக்கா அதற்குமுன் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவர். அவருடைய ஆங்கிலம் அங்கே கற்றது. 'சிட்', 'வெயிட்', 'வேர் பெயின்?' என்று எல்லாம் கட்டளையாகவே இருக்கும். எங்கள் அலுவலகத்தில் மற்ற நான்கு பேரும் ஏதோ ஒரு இன்ஜினியரிங் முடித்தவர்கள். வாடகை பேசும்போது 'குட் மார்னிங் சார், ஹவ் ஆர் யூ டுடே' என்று ஆரம்பித்து, ஏமாந்துபோய் முடிப்போம். அக்கா 'ஹவ் மச்?' என்று ஆரம்பிப்பார். அந்தப் பக்கத்து ஏஜென்ட் ஒரு தொகையைச் சொன்னால் 'நோ' என்பார். அப்புறம் பேசவே மாட்டார். அந்த மௌனத்துக்குப் பயந்து எத்தனையோ ஏஜென்டுகள் தாமாகவே தொகையை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நம்பிக்கையின்மையை ஒருவர் தொழிலாக மாற்ற முடியும் என்று எனக்கு அவரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அக்கா பார்த்துக்கொண்ட டிரைவர்களில் ஒரு கிழவர் இருந்தார். பிறந்தது கேன்சஸ், வீடு நெப்ராஸ்கா, மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் எங்கோ. பேச ஆளில்லாத மனிதருக்கு நாள் முழுக்க ஒரே மாதிரி நேர்சாலை. லோடு விவரம் கேட்க அழைத்த அக்காவிடம் ஒருநாள், நான் இப்போது கடலுக்கு அடியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றிருக்கிறார். அக்கா உடனே லாரி எங்கே என்று திரையில் பார்த்தார். கேன்சஸின் மேற்குக் கோடி. சமுத்திரம் ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம்.

கிழவர் பொறுமையாக விளக்கினார். டைனோசர் காலத்தில் இந்த மூன்று மாநிலமும் கடலாக இருந்தன. வடக்கே ஆர்க்டிக்கிலிருந்து தெற்கே மெக்சிகோ வரை ஒரே தண்ணீர். தான் சிறுவயதில் மாடு மேய்த்த சுண்ணாம்புப் பாறையில் சிப்பியும் சுறாவின் பல்லும் கிடைக்கும். அப்படியானால் கடல் எங்கே போயிற்று என்று அக்கா கேட்டார். மேற்கே மலை எழும்பியது, நிலம் மேடானது, தண்ணீர் வடிந்துவிட்டது என்றார் கிழவர். அக்கா போனை வைத்துவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"மலை எழுந்துச்சாம். கடல் போயிட்சாம். எந்த பஸ்ஸுல போச்சுன்னு கேக்கலாம்னு பார்த்தேன். வயசானவரு, வுட்டுட்டேன்."

மறுநாள் கிழவர் சிப்பியின் படம் அனுப்பினார். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இதே சிப்பி மகாபலிபுரத்தில் கடைக்குக் கடை விற்கிறார்கள் என்றார் அக்கா. சுறாப் பல் படம் வந்தது. அது ஆட்டுப் பல் என்றார். கிழவர் கோபப்படவில்லை. சொல்லப்போனால் அவருக்கு அதற்குப் பிறகுதான் குஷி பிறந்தது. வாழ்நாள் முழுக்கக் கல்லையும் மண்ணையும் பார்த்து வைத்திருந்தவருக்கு, கேட்டுவிட்டு 'அப்படியா' என்று சொல்லிப் போகாத ஓர் ஆள் முதன்முறையாகக் கிடைத்திருந்தார். எங்கே லாரியை நிறுத்தினாலும் அந்த இடத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

நெப்ராஸ்காவின் நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல் குன்றுகள் இருக்கின்றன, காற்று கொண்டுவந்து குவித்தது, மேலே புல் முளைத்து மணலைப் பிடித்து வைத்திருக்கிறது, பள்ளங்களில் நிலத்தடி நீர் மேலே வந்து சின்னச் சின்ன ஏரிகளாக நிற்கிறது என்றார். எங்கள் கமண்டல நாகநதியில் மணல் என்ன ஆனது என்று பார்த்து வளர்ந்தவர் அக்கா. "அவ்ளோ மணல் சும்மா கிடக்குது, ஒரு லாரிக்காரன் கூட அள்ளலன்னா அது எப்படிப்பா நிஜமா இருக்கும்?" என்றார். 

இன்னொரு முறை, கேன்சஸில் தன் மாமாவின் வயலில் ரோஜா நிறத்தில் ஒரு பாறை கிடக்கிறது, அது அந்த ஊர்ப் பாறையே அல்ல, பனியுகத்தில் பனிப்பாளம் சவுத் டகோட்டா பக்கமிருந்து தள்ளிக்கொண்டுவந்து போட்டது என்றார். நாங்கள் நாள் முழுக்கத் தொண்டை வறள வாடகை பேசி ஓட்டும் அதே ரூட். லோடு இறக்கியதற்கு ரசீது இருக்கிறதா என்று அக்கா கேட்டார். ரசீது இல்லை, வாடகையும் வாங்கவில்லை, அந்த ரூட்டில் முதல் லாரி அதுதான் என்று கிழவர் சொல்லிச் சிரித்தது, ஹெட்போனைத் தாண்டி என் மேசை வரை கேட்டது.

நெப்ராஸ்காவுக்கும் கேன்சஸுக்கும் நடுவே உள்ள எல்லை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருக்கும். அதையும் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் புருஷனுக்குத் தெள்ளார் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. பக்கத்து நிலத்துக்காரனோடு ஒரு வரப்புக்காக அவர்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. ரெண்டு மாநிலமே சண்டையில்லாமல் ஒரு கோட்டை ஒத்துக்கொண்டது என்றால் நிச்சயம் சர்வேயரைக் கவனித்திருப்பார்கள் என்பது அவர் கட்சி.

ஒருநாள் அவரிடம் கேட்டேன். ஏன் அக்கா, உலகத்தில் ஒருத்தரைக்கூடவா நம்ப முடியாது? அவர் டீயை ஊதிக்கொண்டே ஆஸ்பத்திரிக் கதை ஒன்றைச் சொன்னார். வரவேற்பில் எல்லோரும் பொய் சொல்வார்களாம். எட்டு மணிக்கு வந்தவன் ஆறு மணிக்கே வந்தேன் என்பான். வயிற்றுவலிக்காரன் உயிர் போகிறது என்பான்.

"கத்துறவனுக்கு ஒன்னும் இருக்காது. ஓரமா உக்காந்துகினு, எனக்கு ஒன்னும் இல்லம்மா, மத்தவங்கள மொதல்ல பாருன்னு சொல்றான் பாரு, அவனத்தான் ஜல்தியா உள்ள அனுப்பணும். ஒருத்தரு அப்படி சொன்னாரு. நான் நம்பிட்டேன்."

மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். 

அந்தக் குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு மார்கழி. கீழே கடையில் தைப் பொங்கலுக்கான கூட்டம் ஆரம்பித்திருந்தது. கிழவர் சவுத் டகோட்டாவில் மாட்டுத் தீவனம் ஏற்றிக்கொண்டு கேன்சஸுக்குப் புறப்பட்டிருந்தார். நடுவில் நெப்ராஸ்காவைத் தாண்ட வேண்டும், அதாவது அந்த மணல் குன்றுகளின் வழியாகப் போகும் ஒற்றைச் சாலையை. முந்தின இரவிலிருந்து அங்கே பனிப்புயல். எங்கள் சாயங்காலத்தில், அவர்களுக்குப் பொழுது விடிந்த நேரத்தில், அக்கா அழைத்தார். கிழவர் எடுத்தார். சாலையோரம் நிறுத்தியிருக்கிறேன், என்ஜினை ஓடவிட்டுச் சூடாக உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் தலைவலி, மற்றபடி ஒன்றுமில்லை, புயல் விட்டதும் கிளம்புகிறேன் என்றார். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார் அக்கா. ஏரி தாண்டி, காற்றாலை இருக்கிற வளைவில் என்றார். பேச்சு கொஞ்சம் இழுத்தது. தூக்கக் கலக்கமாக இருக்கலாம்.

அக்கா போனை வைக்கவில்லை. உங்கள் கடல் எல்லாம் சும்மா கட்டுக்கதைதானே என்று கேட்டார். ஏன் அந்த நேரத்தில் அதைக் கேட்டார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.  கிழவர் சொன்னது எனக்கும் கேட்டது: ஆமாம், இருக்கலாம். நீ சொல்வது சரியாக இருக்கலாம்.

அக்கா ஹெட்போனைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது.

"இந்தாளுக்கு உடம்பு சரியில்ல" என்றார்.

முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். கிழவர் கடலை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அக்கா சொன்னார். முதலாளிக்குப் புரியவில்லை. எங்களில் யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. அந்த மனிதர் நாற்பது வருஷம் பனியில் வண்டி ஓட்டியவர், அவரே நன்றாக இருக்கிறேன் என்கிறார், பிறகென்ன என்றார் முதலாளி. அக்கா மறுபடி அழைத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரையில் லாரியின் புள்ளி வெகுநேரமாக அசையவே இல்லை. அந்தக் குன்றுகளுக்குள் சிக்னல் வந்தால் வரும், போனால் போகும்.

அந்த ஊர் போலீசுக்குச் சொல்லப் போகிறேன் என்றார் அக்கா. முதலாளி வேண்டாம் என்றார். போலீஸ் வந்தால் டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று நோண்டுவார்கள், அங்கே அந்த லாரியை வைத்திருக்கும் முதலாளியம்மா நம்மை விட்டுவிடுவார், அந்த ஒரு கஸ்டமரை வைத்துத்தான் நம் ஐந்து பேர் பிழைப்பும் ஓடுகிறது. அவர் சொன்னதில் பொய் இல்லை. அக்கா அவர் பேசி முடிக்கும்வரை கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, அந்த மாவட்டத்துப் போலீஸ் நம்பரைத் தேடு என்றார். நான் தேடிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வரும். அந்தப் பக்கம் எடுத்தது ஒரு பெண். அக்கா தான் யார் என்று சொன்னார்; இந்தியாவிலிருந்து பேசுகிறேன் என்றார். அந்தப் பெண் போனை வைத்துவிட்டார். எங்கள் நாட்டிலிருந்து போகிற போன்களைப் பற்றி அங்கே என்ன நினைக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதானே. உங்கள் வங்கிக் கணக்கு, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உங்கள் பேரன் ஜெயிலில். அக்கா மறுபடி அழைத்தார். அந்தப் பெண் மறுபடியும் வைத்தார். வாழ்நாள் முழுக்க ஒருவரையும் நம்பாதவர், தன்னை நம்பச் சொல்லி ஒருவரிடம் கெஞ்ச வேண்டிய இடத்துக்கு வந்திருந்தார். எப்படிக் கெஞ்சுவது என்பதே அவருக்குத் தெரியாது.

மூன்றாவது முறை எடுத்ததும் அக்கா தன்னைப் பற்றிப் பேசவே இல்லை. சாலையைச் சொன்னார். வடக்கிலிருந்து வரும் ஒற்றைச் சாலை, இரண்டு பக்கமும் புல் மூடிய மணல் குன்று, இடது கையில் உப்பு பூத்த ஒரு சின்ன ஏரி, அதன் கரையில் மரம் கிடையாது, அதைத் தாண்டினால் சாலை மேற்கே திரும்பும், அந்த வளைவில் மாட்டுத் தண்ணீருக்கு இறைக்கும் பழைய காற்றாலை, அதில் ஒரு இறக்கை ஒடிந்திருக்கும், அங்கே ஒரு நீல லாரி. ஒவ்வொரு முறை அந்த வழியாகப் போகும்போதும் கிழவர் சொன்னது. ஒவ்வொரு முறையும் அக்கா நம்ப மாட்டேன் என்று சொன்னது.

அந்தப் பெண் வைக்கவில்லை. நீங்கள் இந்தப் பக்கம் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

அக்கா ஆங்கிலத்தில் சொன்னதை அப்புறம் எங்களிடம் தமிழில் சொன்னார். தமிழில்தான் அது சரியாக இருக்கிறது.

"வந்ததில்லம்மா. அப்படி ஒரு ஊரு கீதுன்னே நான் முழுசா நம்பல. ஆனா அந்த ஆளு கீறாரு. அவரு நல்லா கீறேன்னு சொல்றாரு. அத நம்பாத."

சாலையில் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்யும் வண்டி ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறது, அதை அனுப்புகிறேன் என்று அந்தப் பெண் சொன்னார். பிறகு காத்திருந்தோம். முதலாளி அறைக்குள்ளேயே இருந்தார். கீழே யாரோ முகூர்த்தப் புடவைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அழைப்பு வந்தபோது அவர் எடுக்கவில்லை, என்னை எடுக்கச் சொன்னார். கதவைத் தட்டியும் திறக்கவில்லை, கண்ணாடியை உடைத்தோம் என்றார் அந்தப் பெண். புகைக்குழாயில் எங்கோ விரிசல் இருந்திருக்கிறது. சுற்றிலும் பனி ஏறியதில் புகை வெளியே போக வழியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்ந்திருக்கிறது. மூச்சு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அவர் தொடங்கினார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். நெஜமாவா என்று கேட்டார். அதைக் கேட்கும்போது மட்டும் அவர் குரலில் சந்தேகம் இல்லை.

முதலாளி மறுநாள் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். லோடு நின்றுபோனது, போலீஸ் விசாரித்தது, லாரி முதலாளியம்மா போனில் காய்ச்சினார். அக்கா டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். நாங்கள் நான்கு பேரும் இன்ஜினியரிங் முடித்தவர்களுக்கே உரிய தைரியத்தோடு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு வாரம் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழவர் போன் செய்தார். நான் எடுத்தேன். நலம் விசாரித்தேன். எனக்குக் கேன்சஸ் கடல் மேல் முழு நம்பிக்கை உண்டு என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. என்னை நம்பாத அந்தப் பெண்மணியைக் கூப்பிடு என்றார். அவர் இல்லை என்றேன். அப்படியானால் இனி இந்த லாரிக்கு உங்கள் லோடு வேண்டாம் என்று வைத்துவிட்டார். சாயங்காலமே லாரி முதலாளியம்மாவும் அதையே சொன்னார். முதலாளி அக்காவுக்குப் போன் செய்து, நடந்தது நடந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். அக்கா நம்பவில்லை. மிச்சமிருக்கும் சாமான்களை எடுத்துப்போகச் சொல்கிறார் என்று நினைத்து, ஒரு பெரிய கட்டைப்பையோடு வந்தார். அதைக் காலடியில் வைத்துக்கொண்டேதான் ஒரு மாதம் வேலை பார்த்தார்.

கிழவர் அவரை அங்கே வந்து பார்க்கச் சொல்லி அழைத்தார். தன் பிள்ளைகள் டிக்கெட் எடுக்கிறார்கள், அந்தக் குன்றுகளையும் சிப்பிகளையும் நேரில் பார், பார்த்துவிட்டு மறுத்துப் பேசு என்றார். அக்கா பாஸ்போர்ட் எடுத்தார். விசாவுக்கு மெட்ராஸ் போனார், நானும் துணைக்குப் போனேன். வெளியே வெயிலில் நின்றேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். எதற்காகப் போகிறீர்கள் என்று உள்ளே ஓர் இளம்பெண் கேட்டிருக்கிறார். ஒரு காலத்தில் கடலாக இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தைச் சரிபார்க்க என்று அக்கா சொல்லியிருக்கிறார். அங்கே யாரைத் தெரியும் என்று கேட்டதற்கு, போனில் பழக்கமான ஒரு லாரி டிரைவரை என்று சொல்லியிருக்கிறார். விசா இல்லை.

எனக்குத்தான் ஆத்திரம். அக்கா ஆட்டோவில் ஏறியதிலிருந்து அந்தப் பெண்ணைப் பாராட்டிக்கொண்டே வந்தார். "நான் சொன்னதுல ஒரு வார்த்தகூட நம்பல. நல்ல பொண்ணு. வேலன்னா அப்படித்தான் செய்யணும்."

ஆகவே கிழவர்தான் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாஸ்போர்ட் எடுத்து, அடுத்த வருஷம் தை மாதம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். நான் மனதில் வைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். புகை குடித்த நுரையீரல், நாலு எட்டு வைத்தால் இளைத்தது. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருவரும் கைகுலுக்கிக்கொள்ளவில்லை, கும்பிடவும் இல்லை. அக்கா தேவிகாபுரம் பஸ்ஸைக் காட்டி, ஏறுங்கள் என்றார்.

தேவிகாபுரம் போகும் வழியில் சாலையோரமாக நிறைய மொட்டைப் பாறைக் குன்றுகள் உண்டு. நாங்கள் தினம் பார்ப்பதால் பார்க்காத குன்றுகள். ஒன்றின் அருகே கிழவர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அடம்பிடித்தார். கண்டக்டர் திட்டிக்கொண்டே இறக்கிவிட்டார். கிழவர் அந்தப் பாறை மீது உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றினார். புல் சுமந்துகொண்டு போன ஓர் அம்மாள், வெள்ளைக்காரருக்கு என்ன வேண்டுதலோ என்று கேட்டுவிட்டுப் போனார்.

கிழவர் மூச்சு வாங்க வாங்கப் பேசினார். எங்கள் கடல் வந்து போனது, எங்கள் மணல், எங்கள் பனி எல்லாம் நேற்று நடந்தது. இந்தப் பாறை அது எதற்கும் முந்தியது. பூமியில் மீனே இல்லாத காலத்தில் இது இங்கே இருந்தது. இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா நீ என்னிடம் சிப்பியைப் பற்றிச் சண்டை போட்டாய் என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

நான் அக்காவைப் பார்த்தேன். பதில் வரும், கிழவர் அதற்குத் திருப்பிச் சொல்வார், கடைசி பஸ்ஸைத் தவறவிடப் போகிறோம் என்று நினைத்தேன். அக்காவோ கிழவரின் கால்கள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் பாறையில் ஓரிடத்தைத் தூசி தட்டினார். தமிழிலேயே சொன்னார், கிழவர் புரிந்துகொண்டு உட்கார்ந்தார்.

"உக்காருங்க. பழசுதான, தாங்கும்."